அம்புலன்ஸ் வரும்வரை யார் பொறுப்பு?

எங்கள் கரையோரக் கிராமங்களில் நேற்றுவரை நல்ல சுகத்தோடு நடமாடிய ஒருவர் திடீரென விழுந்து இறந்துபோனால், "நெஞ்சடைப்பு" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. "அவருக்கு விதித்தது அவ்வளவுதான்" என்கிறோம். "படுக்கையில் கிடந்து அழுந்தாமல் போய்விட்டார், கொடுத்து வைத்தவர்" என்றும் ஆறுதல் சொல்கிறோம். எண்பது வயதைக் கடந்து, தீராத நோயோடு வாழ்ந்து முடித்தவருக்கு அந்த ஆறுதல் பொருந்தலாம். ஆனால் நாற்பது வயதில், படிக்கும் பிள்ளைகளையும் கட்டி முடியாத வலைக் கடனையும் விட்டுவிட்டுக் கரையிலே விழும் தொழிலாளியின் வீட்டில் நின்று அதே வார்த்தையைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது ஒன்றே. திடீரென இதயம் நின்றுபோன ஒருவர் பிழைப்பாரா இல்லையா என்பது, முதல் ஐந்து நிமிடங்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெருமளவு தங்கியிருக்கிறது. எவ்வளவு பெரிய வைத்தியசாலையானாலும் அந்த ஐந்து நிமிடங்களை அதனால் திருப்பித் தர முடியாது. ஆகவே இது சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு மட்டுமன்று, ஊரின் பொறுப்பு. பிழைத்து வந்தவரை மீண்டும் ஒரு முழு மனிதராக நிமிர வைப்பதும் ஊரின் பொறுப்பே.

மாரடைப்பும் இதயம் நிற்பதும் ஒன்றல்ல

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. படகு இயந்திரத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எண்ணெய் வரும் குழாய் அடைபட்டு இயந்திரம் திணறுவது ஒன்று. தீப்பொறி குழம்பி இயந்திரமே இயங்காமல் போவது இன்னொன்று.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது பெரும்பாலும் நோயாளிக்கு அறிவு இருக்கும். நெஞ்சு இறுகும், கை, தாடை, முதுகு என நோவு பரவும், உடல் குளிர்ந்து வேர்க்கும். இதயம் நின்றுபோகும்போது நடப்பது வேறு. இதயத்தை ஒழுங்காகத் துடிக்கச் செய்யும் மின்னோட்டம் குழம்பிவிடுகிறது. இதயம் இரத்தத்தை இறைக்காமல் வெறுமனே நடுங்குகிறது. சில விநாடிகளில் ஆள் அறிவிழந்து விழுந்துவிடுவார். நாடி இராது, ஒழுங்கான மூச்சும் இராது.

நடுத்தர வயதினரில் இதற்கு முக்கிய காரணம் மாரடைப்புத்தான். குழாய் அடைபட்டுத் திணறிய இதயம் சிலவேளை அப்படியே நின்றுவிடுகிறது. இளைஞரில் பிறப்பிலேயே உள்ள தசைத் தடிப்பு, மின்னோட்டக் கோளாறு போன்றவை காரணமாகலாம். மின்சாரம் தாக்கினாலும் நிற்கும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சு அடைபட்டு, பின்னர் இதயம் நிற்கும்.

இதயம் நின்று நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. எந்த உதவியும் செய்யப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடுகிறது என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் கைகட்டி நின்றால் அதன்பின் எஞ்சுவது மிகச் சொற்பம்.

டென்மார்க் பிள்ளைகள் படித்த பாடம்

மன்னார் மாவட்டத்துக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். ஆகவே 2021 யூன் 12 ஆம் திகதி கோப்பன்ஹேகன் மைதானத்தில் நடந்ததை எமது இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிக்கொண்டிருந்தன. இடைவேளைக்குச் சற்று முன்னர், டென்மார்க்கின் நடுக்கள வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் யாரும் மோதாமலே முன்னோக்கிச் சரிந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 29. உலகத் தரத்தில் ஓடி விளையாடிய உடல் அது. அணித்தலைவர் சிமோன் கியார் உடனே ஓடிவந்து அவரைக் கவனித்தார். மற்ற வீரர்கள் சுற்றிவர நின்று மறைப்புக் கட்டினார்கள். அணியின் வைத்தியர் மோர்ட்டன் போசனும் மருத்துவக் குழுவினரும் அவரது நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். மின்னதிர்ச்சிக் கருவியினால் ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தபோது இதயம் மீண்டும் துடித்தது. மைதானத்தை விட்டுத் தூக்கிச் செல்லப்பட்டபோது எரிக்சன் விழித்திருந்தார்.

அது உலகக் கமராக்களுக்கு முன்னால், வைத்தியர்கள் காத்து நின்ற இடத்தில் நடந்தது, எமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. டென்மார்க் நாடு 2005 இல் தொடக்கப் பாடசாலைகளில் இந்த முதலுதவியைப் பாடமாக்கியது. 2006 இலிருந்து வாகன அனுமதிப்பத்திரம் பெறுவோர் அதைக் கட்டாயம் கற்கவேண்டும் என்றாக்கியது. அதன் விளைவை அந்நாட்டு ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்டார்கள். வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில், 2001 இல் நூற்றுக்கு 21 பேருக்கு மட்டுமே பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார்கள். 2010 இல் அது நூற்றுக்கு 45 ஆகியது. முப்பது நாட்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தவர்கள் 2001 இல் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். 2010 இல் ஏறத்தாழ பதினொரு பேர்.

அந்தப் பத்தாண்டில் அங்கு வைத்திய வசதிகளும் முன்னேறின என்பது உண்மையே. ஆனால் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் விழுந்தவர்கள் மீது முதலில் கை வைத்தவர்கள் மனைவி, மகன், அயலவர், வழிப்போக்கர் போன்ற சாதாரண சனங்கள்தான். இது எமக்கு எட்டாத விஞ்ஞானமும் அன்று. வெறும் கைகளால் நெஞ்சின் மேல் அழுத்தி நின்ற இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை ஓடச்செய்யலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 1960 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அது எமது வாடிகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

அயல்நாடுகளில் இரண்டு சம்பவங்கள்

ஐரோப்பாவை விட்டு எமது பக்கத்து நாடுகளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 5 ஆம் திகதி பெங்களூரில் இந்திய சம்மேளனக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. டெம்போ அணிக்காக விளையாடிய பிரேசில் வீரர் கிறிஸ்ரியானோ யூனியர் இரண்டாவது கோலைப் போட்ட அந்தக் கணத்திலேயே எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தார். மீண்டும் எழும்பவில்லை. தகுந்த அவசர ஏற்பாடு மைதானத்தில் இருக்கவில்லை என்று அன்று பலத்த கண்டனம் எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இளம் உயிர் போனது.

இரண்டாவது, வங்காளதேசக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் தமீம் இக்பாலுக்கு நேர்ந்தது. 2025 மார்ச் 24 ஆம் திகதி, டாக்கா நகருக்கு வெளியே சாவார் என்னும் இடத்தில் கழகப் போட்டியொன்றின்போது அவருக்கு நெஞ்சு நோவு கண்டது. வயது 36. ஹெலிகொப்டரில் டாக்காவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. அதற்குள் அவருடைய நாடி நின்றுவிட்டது. அணியின் பயிற்றுநர் ஒருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். தலைநகருக்குப் பறக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மிகப் பக்கத்திலிருந்த வைத்தியசாலைக்கே கொண்டு சென்றார்கள். அங்கே நீண்ட நேர நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கொடுத்து, அடைபட்ட குழாயைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். சில நாட்களில் அவர் வீடு திரும்பினார்.

"நேரே கொழும்புக்குக் கொண்டுபோவோம்" என்று அவசரப்படும் எங்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. கையில் பணமும் ஹெலிகொப்டரும் இருந்த மனிதரைக் காப்பாற்றியது பக்கத்தில் நின்றவருடைய கையும் பக்கத்திலிருந்த வைத்தியசாலையும்தான்.

எமது கரையில் நடப்பது என்ன?

வங்காலையில் இரவு பத்து மணிக்கு ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாகனம் தேடி, ஆளை ஏற்றி, தள்ளாடிச் சந்தி வந்து, தாம்போதி கடந்து மன்னார் பொது வைத்தியசாலையை அடைய, எவ்வளவு விரைந்தாலும் கால் மணி நேரத்துக்குக் குறையாது. 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் உதவியுடன் 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் அந்த வண்டிக்கும் தூரம் தூரம்தான். கரைவாடிகளுக்கும் உள்ளூர் ஒழுங்கைகளுக்கும் வழி கண்டுபிடித்து வரவேண்டும். அது வரும்வரை என்ன செய்கிறோம்?

முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். வாயில் சோடா பருக்கப் பார்க்கிறோம். விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தி இருத்துகிறோம். கை கால் இழுக்கிறது என்றால் வலிப்பு என்று எண்ணி இரும்புத் திறப்பைக் கையில் வைக்கிறோம். உள்ளங்காலைத் தேய்க்கிறோம். பிறகு முழங்காலை மடக்கி ஓட்டோவுக்குள் திணித்துக்கொண்டு பறக்கிறோம். இவை அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் இவற்றில் ஒன்றேனும் மூளைக்கு ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு சேர்ப்பதில்லை. அறிவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஓட்டோவுக்குள் மடங்கிக் கிடப்பவரின் நெஞ்சை யாராலும் அழுத்த முடியாது. அப்படி ஏற்றித்தான் ஆகவேண்டுமென்றால், ஆளை நீட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைத் தொடரக்கூடிய வாகனமே வேண்டும்.

இதயம் நின்றவருக்கு முதல் நிமிடத்தில் இலேசான வலிப்புப் போல உடல் உதறுவதுண்டு. இடையிடையே "கர்" என்று மூச்சை இழுப்பதும் உண்டு. "மூச்சு இருக்கிறது, மயக்கம்தான்" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அது மூச்சன்று. உயிர் பிரியும் நேரத்து இழுப்பு.

இதற்கும் முந்திய தவறு ஒன்றுண்டு. நெஞ்சை இறுக்கும் நோவை "வாயு" என்று சொல்லி, இஞ்சிப் பிளேன்ரீயும் சோடாவும் குடித்துவிட்டுப் படுப்பது. வியர்வையோடும் மூச்சுமுட்டோடும் வரும் நெஞ்சு நோவை வாயு என்று தீர்மானிக்கும் உரிமை எமக்கில்லை. அதை வைத்தியசாலையின் இதயப் பதிவுக் கருவி தீர்மானிக்கட்டும். இதயம் நிற்குமுன் போய்ச் சேர்ந்தால் பாதி வெற்றி.

செய்யவேண்டியவை

ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம் இது. சுருக்கமாகச் சொல்வோம்.

ஒருவர் விழுந்தால் தோளில் தட்டி உரத்துக் கூப்பிடுங்கள். பதிலில்லை, ஒழுங்கான மூச்சுமில்லை என்றால் இதயம் நின்றுவிட்டதென்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒருவர் 1990 ஐ அழைத்து, ஊர், சந்தி, கோயில் என்று அடையாளங்களைத் தெளிவாகச் சொல்லட்டும். இன்னொருவர் சந்தியில் போய் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும்.

விழுந்தவரை இறுகிய தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தையும் இளகிய மணலும் கூடாது. படகில் என்றால் அடித்தளப் பலகையின்மேல் கிடத்துங்கள். ஒருவர் அழுத்த, மற்றவர் கரையை நோக்கிப் படகை விட்டுக்கொண்டு தொலைபேசியில் கரைக்கு அறிவிக்க வேண்டும்.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நட்ட நடுவில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல், உடம்புப் பாரத்தைக் கொடுத்து, வளர்ந்தவருக்கு ஐந்து தொடக்கம் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பழைய நிலைக்கு எழும்ப விடுங்கள். நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை. இது களைக்கும் வேலை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அவர் அசையும்வரை, அல்லது அம்புலன்ஸ் உத்தியோகத்தர் பொறுப்பேற்கும்வரை நிறுத்தாதீர்கள். வளர்ந்தவர் திடீரென விழுந்தால், வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள் நெஞ்சழுத்தத்தை மட்டும் செய்தாலே போதும்.

கடலிலும் குளத்திலும் மூழ்கியவர் கதை வேறு. அவருக்கு இதயம் நின்றது மூச்சில்லாமையால். ஆகவே அவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மூச்சு ஊதுவதும் அவசியம். பயிற்சியில் இதைத் தனியாகக் கேட்டுப் பழகவேண்டும். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பதும் பொன்னான நேரத்தைக் கொன்றுவிடும்.

நான்கு தயக்கங்கள்

"நாங்கள் அழுத்தி அவர் செத்துப்போனால் யார் பொறுப்பு?" என்பது முதல் தயக்கம். மூச்சும் நாடியும் நின்றவர் ஏற்கெனவே மரணத்தின் வாசலைத் தாண்டிவிட்டார். உங்கள் கையால் அவருக்கு அதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. விலா எலும்பு உடையலாம். உடைந்த எலும்பு சில கிழமைகளில் பொருந்தும்.

"பெண்ணின் நெஞ்சில் எப்படிக் கை வைப்பது?" என்பது இரண்டாவது. இதை வெளியே யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிறது. இது எமது பண்பாட்டில் மட்டும் உள்ள தயக்கமும் அன்று. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே நெஞ்சழுத்தம் கிடைக்கிறதென்று மேல்நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வெட்கத்தினால் ஒரு தாயைச் சாகவிடலாமா? ஆண் கையானாலும் உயிரைக் காப்பாற்றும் கை குற்றமற்ற கைதான். அதேவேளை மாதர் சங்கங்கள் முதலில் பயிற்சி பெற்றால் இந்தக் கேள்வியின் கூர்மை பாதி குறைந்துவிடும். பெரும்பாலானவர்கள் விழுவது வீட்டில். வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எனவே ஆண்களுக்காகவும் பெண்கள்தான் முதலில் கற்கவேண்டும்.

"செல்வந்த நாடுகளிலேயே பத்தில் ஒருவர்தான் பிழைக்கிறார் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?" என்பது மூன்றாவது. உண்மை, எல்லோரும் பிழைக்க மாட்டார்கள். நெஞ்சழுத்தம் பெரும்பாலும் தனியாக இதயத்தைத் திரும்ப ஓடவைப்பதில்லை. மின்னதிர்ச்சிக் கருவி வரும்வரை மூளையைக் காத்து வைத்திருப்பதே அதன் வேலை. ஆனால் பிழைத்த அந்த ஒருவர் யாருடைய தகப்பன்? புயல் நாளில் பத்துப் படகு தவறினால் ஒன்றாவது கரைசேராதா என்று விளக்கோடு கரையில் காத்து நிற்கும் சனங்கள் நாங்கள். கணக்குப் பார்த்து விளக்கை அணைப்பதில்லை.

"எல்லோருக்கும் இதைச் செய்யத்தான் வேண்டுமா?" என்பது நான்காவது. இல்லை. தீராத நோயின் முடிவில், வைத்தியரும் குடும்பமும் அறிந்து எதிர்பார்த்திருக்கும் மரணத்தை அமைதியாகவே விடவேண்டும். நாம் பேசுவது வாழவேண்டிய காலத்தில் எதிர்பாராமல் விழுகிறவர்களைப் பற்றி.

பிழைத்து வந்தவரின் நெடும்பாதை

இதுவரை பேசியது முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றி. அடுத்த ஐந்து மாதத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. "கும்பிட்ட தெய்வம் காப்பாற்றியது" என்று பார்க்க வந்து, பிஸ்கற் பெட்டியும் வைத்துவிட்டுப் போன பின்னர், அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

எரிக்சனை மீண்டும் பாருங்கள். இதயம் மறுபடி குழம்பினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் சிறு கருவி அவருடைய நெஞ்சில் பதிக்கப்பட்டது. அக்கருவியோடு விளையாட இத்தாலி நாட்டு விதிகள் இடந்தரவில்லை. ஆகவே அவர் இருந்த இன்ரர் மிலான் கழகத்தை விட்டுப் பிரிய நேர்ந்தது. எட்டு மாதங்களுக்குப் பின்னர், 2022 பெப்ரவரி 26 இல் இங்கிலாந்தின் பிறென்ற்போட் கழகத்துக்காக மைதானத்தில் இறங்கினார். 2024 யூன் 16 இல், மூன்று வருடங்களுக்கு முன் விழுந்த அதே ஐரோப்பியக் கிண்ணத் தொடரில், சுலோவேனியாவுக்கு எதிராகக் கோல் போட்டார்.

ஆனால் எல்லோரும் எரிக்சன் ஆவதில்லை. 2012 மார்ச் 17 இல் லண்டன் மைதானமொன்றில் போல்ரன் அணியின் பப்ரிஸ் முவாம்பா விழுந்தார். 78 நிமிடங்கள் அவருடைய இதயம் தானாக இயங்கவில்லை. பார்வையாளராக வந்திருந்த ஓர் இதய வைத்தியர் ஆசனத்திலிருந்து இறங்கி ஓடிவந்து உதவினார். முவாம்பா பிழைத்தார். ஆனால் அதே வருடம் ஓகஸ்ற் மாதம், 24 வயதில், வைத்தியர்களின் சொற்படி விளையாட்டை விட்டு விலகினார். மீண்டும் ஆடியவரும் வெற்றி பெற்றவர்தான், ஆட்டத்தை விட்டவரும் வெற்றி பெற்றவர்தான். இருவரும் தங்கள் பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

எமது ஊரில் இவ்விரண்டுக்கும் இடையில் இடமில்லை. பிழைத்தவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகளே உண்டு. ஒன்று, "ஆள் நல்ல சுகம், நாளைக்குக் கடலுக்கு வரலாம்." மற்றது, "இனி அவர் ஒன்றுக்கும் ஆகார்." இரண்டும் பிழை.

இதயம் நின்று மீண்டவருக்கு விழுந்த நாளும் அதற்கு முந்திய சில நாட்களும் நினைவில் இல்லாமல் போகலாம். பேசியதை மறப்பார், பெயர்கள் வாயில் வராது. நெஞ்செலும்பு நோவு பல கிழமை இருக்கும். சிறு வேலைக்கும் களைப்பார். எரிந்து விழுவார், காரணமின்றி அழுவார், கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்று நித்திரைக்குப் பயப்படுவார். இவை பைத்தியமும் அன்று, சோம்பலும் அன்று. சில நிமிடம் இரத்தமில்லாமல் தவித்த மூளையும், மரணத்தைத் தொட்டு வந்த மனமும் ஆறுவதற்கு எடுக்கும் காலம். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இது குறையும். குறையாவிட்டால் வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மனநலச் சிகிச்சைக்குப் போவது வெட்கமன்று.

அவருடைய மனைவியை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கணவன் விழுந்ததைக் கண்டவர் அவர். ஒவ்வோர் இரவும் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கிடப்பவரும் அவர். நோயாளியை எல்லோரும் விசாரிக்கிறோம். அவரை யார் விசாரிக்கிறோம்?

மருந்து விடயத்தில் கண்டிப்பு வேண்டும். குழாயைத் திறந்து உள்ளே வலைக்குழாய் வைத்தவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையை வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. "இப்போது சுகம்தானே, குளிசை உடம்பைச் சூடாக்குகிறது" என்று நிறுத்தியவர்களுக்குக் குழாய் மறுபடி அடைபடலாம். பீடியும் சிகரெற்றும் இனி இல்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் மாதாந்தக் கிளினிக்கைத் தவறவிடக்கூடாது. முதலில் வீட்டு முற்றத்தில், பிறகு தெருவில், பிறகு கரைவரை என நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எப்போது வாகனம் ஓட்டலாம், எப்போது பாரம் இழுக்கலாம், எப்போது கடலுக்குப் போகலாம் என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும். போனாலும் தனியே போகக்கூடாது. நெஞ்சில் கருவி பதித்தவர்கள் படகு இயந்திரம், வெல்டிங் வேலை ஆகியவற்றுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியுமா? நாட்கூலியில் ஓடும் வீட்டில் ஆறு மாதம் ஓய்வெடு என்பது பட்டினி கிட என்பதற்குச் சமம். இங்கேதான் சங்கங்களின் கடமை வருகிறது. கடன் தவணையைச் சில மாதம் ஒத்திவைக்கலாம். அவருடைய படகை வேறொருவர் ஓட்டி, பங்கைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். வலை பொத்துதல், மீன் நிறுக்குமிடத்தில் கணக்கெழுதுதல் போன்ற கரை வேலையொன்றை அவருக்கு ஒதுக்கலாம். இது தருமமன்று. உடம்பு ஆறும் காலத்தில் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பது.

யார் தொடங்குவது?

அரசாங்கம் தொடங்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் பத்துப் பேரைப் புதைக்க நேரும். ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மூன்று காரியங்களை இவ்வாண்டே தொடங்கலாம்.

முதலாவது, பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கத்தையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ அணுகி, ஒரு பிற்பகல் வகுப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக் கழகத்திலும் ஐந்து பேர், கடற்றொழிலாளர் சங்கத்தில் படகுக்கு ஒருவர், மாதர் சங்கத்தில் வீதிக்கு இருவர், பாடசாலையில் உயர்தர வகுப்பினர் அனைவரும். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பழகவேண்டும். பழகாத கை மறந்துவிடும்.

இரண்டாவது, ஊருக்கு ஒரு மின்னதிர்ச்சிக் கருவி. பொதுமக்கள் பாவனைக்கென்று செய்யப்பட்ட இக்கருவி, என்ன செய்யவேண்டும் என்பதைக் குரலிலேயே சொல்லித் தரும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. வெளிநாடுகளில் வாழும் எம்மவர்கள் வளைவுக்கும் மண்டபத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். இதற்கும் கேளுங்கள், கொடுப்பார்கள். ஆனால் பூட்டிய அறைக்குள் வைத்துத் திறப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அது அலங்காரப் பொருள். இரவும் பகலும் எடுக்கக்கூடிய இடத்தில், உப்புக் காற்றும் வெயிலும் படாமல் வைத்து, மின்கலமும் ஒட்டுத் தகடும் காலாவதியாகிறதா என்று மாதந்தோறும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

மூன்றாவது, மீண்டு வந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு துணைக் குழு. இருவர் மூவர் போதும். கிளினிக் நாளை நினைவூட்டவும், கூடப் போகவும், அந்த மனைவியோடு சற்று நேரம் இருந்து பேசவும் முன்வந்தாலே பெரிய காரியம்.

புனித ஆனாள் திருவிழாவுக்கு யூலையில் ஊர் கூடும்போது, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வெயிலில் சனம் நெருங்கி நிற்கும். உதைபந்தாட்டமும் நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் ஓடிவந்து முழந்தாளிடக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு சங்கமும் தனது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அம்புலன்ஸ் வரும். அது வரும்வரையுள்ள நிமிடங்கள் எங்களுடையவை.